தாம்பரம் ஆமை நோயைக் கண்டுபிடித்தவன்

போன மாதம் கிளினிக் சாவியை, இனி அங்கே டாக்டர்களாக உட்காரப்போகும் உங்கள் இருவரிடமும் கொடுத்தபோது, சுவரில் தொங்கும் சான்றிதழைக் காட்டி, "இதை வீட்டுக்கு எடுத்துட்டுப் போறீங்களா சார்?" என்று கேட்டீர்கள். அங்கேயே இருக்கட்டும் என்று சொன்னேன். என் பெயருக்குக் கீழே தங்க எழுத்தில், நன்னீர் வளர்ப்பு ஆமைகளில் ஒரு புதிய தோல் நோய், தாம்பரம் வட்டார ஆய்வு என்று போட்டிருப்பதை இருவரும் வாய்விட்டுப் படித்தீர்கள். "ஒரு நோயையே கண்டுபிடிச்சிருக்கீங்க சார்" என்று ஒருவர் சொன்னார். நான் சிரித்து மழுப்பிவிட்டு பஸ் ஏறிவிட்டேன். அந்தச் சிரிப்பு உங்களை ஏமாற்றியது போல ஆகிவிட்டது என்று பிறகு தோன்றியது. அதனால் எழுதுகிறேன்.

இரண்டாயிரங்களின் நடுப்பகுதி அது. அதுவரை நான் மாட்டு டாக்டர், நாய் டாக்டர். காலையில் ஸ்கூட்டரில் படப்பைப் பக்கம் போய் எருமைகளைப் பார்ப்பேன், மாலையில் தாம்பரத்தில் நாய்களைப் பார்ப்பேன். பெருங்களத்தூரில் அடுக்குமாடிகள் எழும்பின. சிறுசேரி மென்பொருள் கம்பெனிகளுக்கு வேலைக்குப் போகும் இளம் தம்பதிகள் அவற்றில் குடியேறினார்கள். அவர்களுக்குப் பின்னாலேயே வாஸ்து ஆலோசகர்கள் வந்தார்கள். வடக்கு மூலையில் தண்ணீர்த் தொட்டி வைத்து ஆமை விட்டால் வீட்டுக்கு நல்லது என்று யாரோ ஒருவர் சொல்லியிருக்கிறார். வடக்கு மூலையில் வெயில் வருமா என்று ஆமையை யாரும் கேட்கவில்லை.

கன்னத்தில் சிவப்புக் கோடு போட்ட, உள்ளங்கையில் அடங்கும் ஆமைகள் கடைகளில் வந்து குவிந்தன. வாங்கியவர்கள் எல்லாரும் போட்டது ஒரே தீனி: காய்ந்த கூனி, அதாவது மீன் சந்தையில் அள்ளி விற்கும் பொடி இறால். மூன்று நான்கு மாதத்தில் ஆமைகளின் கண் இமை வீங்கி மூடிக்கொண்டது. என்னிடம் கொண்டுவந்தார்கள். நான் படித்த கல்லூரிக்கு ஆமை ஒரே ஒரு முறை வந்தது, அதுவும் செத்து, பாட்டிலுக்குள்.

பக்கத்து பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து தேடினேன். வைட்டமின் ஏ பற்றாக்குறை என்று போட்டிருந்தது. எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. வைட்டமின் ஏ என் பையிலேயே இருந்தது, எருமைகளுக்குப் போடும் அதே குப்பி. எருமைக்குப் போடுவதில் ஒரே ஒரு துளியை ஆமைக்குப் போட்டேன். பத்து நாளில் கண் திறந்தது. அடுத்த ஆமைக்கும் திறந்தது. பேர் பரவிவிட்டது. கிளினிக் முனையில் நிற்கும் ஆட்டோக்காரர்கள், "இன்னா சார், ஆமைக்கெல்லாம் ஊசி போட்டுகினு கீறியாமே?" என்று கேட்டுச் சிரிப்பார்கள். எனக்கு அதில் கொஞ்சம் பெருமைதான்.

அப்போதுதான் அந்தப் புதிய நோய் வந்தது. ஆமைகளின் கழுத்திலும் கால் மடிப்புகளிலும் தோல் காய்ந்து, காகிதம் போலச் சுருண்டு உரிந்தது. அடியில் பச்சைச் சதை தெரிந்தது. முதல் ஆமையைப் பார்த்தபோது தண்ணீர் சரியில்லை என்று நினைத்தேன். மூன்றாவது வந்தபோது கை பரபரத்தது. ஐந்தாவது வந்தபோது, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்குச் சந்தோஷமாக இருந்தது. எந்தப் பக்கத்தில் தேடியும் இப்படி ஒரு தொற்று கிடைக்கவில்லை. யாரும் பார்க்காத ஒன்றைத் தாம்பரத்தில் நான் பார்த்துவிட்டேன்!

கல்லூரியில் எனக்குப் பாடம் எடுத்த பேராசிரியருக்கு போன் போட்டேன். அவர் என்னைவிட வேகமாக இருந்தார். "ஊர் பேரைச் சேர்த்து வைய்யா. நாளைக்குப் புஸ்தகத்துல வரும். அடுத்த மாசம் மாநாடு இருக்கு, உன் பேரைக் கொடுத்துடறேன்" என்றார். ஒரு மனிதன் நாற்பத்தைந்து வயதில் கெட்டுப்போக இது போதும்.

அதன்பிறகு நான் நடத்திய விசாரணையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். லாரித் தண்ணீர், போர் தண்ணீர், ஏரிப் பக்கத்துக் கிணற்றுத் தண்ணீர், எல்லாவற்றையும் பாட்டிலில் பிடித்துப் பரிசோதனைக்கு அனுப்பினேன். தொட்டியில் போடும் கலர் கூழாங்கல்லைச் சுரண்டிப் பார்த்தேன். எதிலும் எதுவும் கிடைக்கவில்லை. கடைசியில் கூனியைப் பிடித்தேன். ஆமை வளர்க்கும் பாதிப் பேர் தாம்பரம் சந்தையில் அஞ்சலை என்ற அம்மாவிடம்தான் வாங்கினார்கள். கோவளத்துப் பக்கக் கடற்கரைக் குப்பத்திலிருந்து கூடையோடு தினமும் வருகிறவர். அவருடைய கூனியில் ஏதோ நஞ்சு இருக்கலாம் என்று, வந்தவர்களிடமெல்லாம் சொல்லிவைத்தேன். ஒரு வாரத்தில் ஆமைக்காரர்கள் அவர் பக்கம் போவதை நிறுத்திவிட்டார்கள். இதற்குள் மூன்று ஆமைகள் செத்துப்போயிருந்தன. அவற்றின் பெயர்களை நான் கேஸ் அட்டையில் எழுதவில்லை. எண் மட்டும் போட்டேன்.

சேலையூரிலிருந்து ஸ்டெல்லா டீச்சர் வந்தது அந்தச் சமயத்தில். பள்ளியில் கணக்கு டீச்சர். தாயார் போனபிறகு தனியாக இருந்தவர். ஒரே நாளில், ஒரே கடையில், ஒரே தொட்டியிலிருந்து வாங்கிய இரண்டு ஆமைகள் அவரிடம் இருந்தன. பெயர் தாவீது, யோனத்தான். ஒரு நீள நோட்டில் கோடு போட்டு, தேதி, எடை, சாப்பிட்டது, குறிப்பு என்று நான்கு கட்டமாகத் தினமும் எழுதுவார். யோனத்தானுக்குக் கண் வீங்கியபோது நான்தான் ஊசி போட்டுத் திறக்கவைத்தேன். சரியாக இரண்டு வாரம் கழித்து, மாநாட்டுக்கு ஐந்து நாள் இருக்கும்போது, திரும்ப வந்தார். யோனத்தானின் கழுத்துத் தோல் உரிந்து தொங்கியது.

"டீச்சர், இதுக்கு நான் தாம்பரம் தோல் நோய்னு பேர் வெச்சிருக்கேன். உங்க யோனத்தான் பன்னிரண்டாவது கேஸ்" என்றேன்.

அவர் முகத்தில் நான் எதிர்பார்த்த மரியாதை வரவில்லை. "பிழைப்பானா டாக்டர்?" என்று மட்டும் கேட்டார். குரல் உடைந்திருந்தது. பார்க்கலாம் என்று சொல்லி, கேமராவை எடுத்து ஐந்தாறு படம் பிடித்தேன். யோனத்தானை கிளினிக்கிலேயே ஒரு டப்பில் வைத்துக்கொள்வதாகச் சொன்னேன். பிறகு பெருந்தன்மையோடு, "தாவீதையும் விடக்கூடாது. தடுப்பா அவனுக்கும் வைட்டமின் ஏ ஒண்ணு போட்டுடறேன். தோலுக்கு நல்லது" என்று சொல்லி ஊசியில் மருந்தை ஏற்றினேன்.

"ஒரு நிமிஷம் டாக்டர்" என்றார். நோட்டைத் திறந்தார். "ரெண்டு பேரும் ஒரே தொட்டி. ஒரே தண்ணி. ஒரே கூனி. தொத்து நோய்னா இவனுக்கு ஏன் வரலை?"

"இவனுக்கு எதிர்ப்பு சக்தி அதிகம்."

"அப்ப தடுப்பு எதுக்கு?"

என் கையில் ஊசி தயாராக இருக்கிறது. வெளியே பொமரேனியன் ஒன்று குரைத்துக்கொண்டிருக்கிறது. டாக்டராக இருபது வருடம் ஓட்டியவனிடம் கணக்கு டீச்சர் கேள்வி கேட்கிறார். எனக்குச் சுருக்கென்றது.

"டீச்சர், இதெல்லாம் நோட்டுல பார்த்துக் கண்டுபிடிக்கிற விஷயம் இல்லை."

அவர் கோபப்படவில்லை. "என் நோட்டுல ரெண்டு பேருக்கும் ஒரே ஒரு வரிதான் வித்தியாசம்" என்று சொல்லி, யோனத்தானின் பக்கத்தில் ஒரு தேதியை விரலால் தொட்டுக் காட்டினார். குறிப்புக் கட்டத்தில், டாக்டர் ஊசி என்று இருந்தது. தாவீதை எடுத்து டப்பாவில் வைத்து மூடினார். "யோசிச்சு வைங்க டாக்டர். நாளைக்கு ஸ்கூலுக்கு முன்னாடி வரேன்."

அவர் சொன்னது தவறு என்று நிரூபிக்கத்தான் அன்று மதியம் பன்னிரண்டு அட்டைகளையும் மேஜையில் பரப்பினேன். பதினொரு ஆமைகள் முதலில் கண் வீக்கத்துக்காக வந்து, ஊசி போட்டுக்கொண்டு போய், இரண்டு மூன்று வாரத்தில் தோலோடு திரும்பி வந்திருந்தன. ஆனால் ஏழாவது ஆமைக்குக் கண் நோயே கிடையாது. எனக்கு உயிர் வந்தது. அட்டையைத் திருப்பினேன். பின்பக்கத்தில் என் கையெழுத்து: பசி இல்லை, சத்துக்காக வைட்டமின் ஏ.

பிறகுதான் குப்பியைக் கையில் எடுத்து, அதில் அச்சிட்டிருந்ததைப் படித்தேன். பத்து வருடமாகப் பையில் வைத்திருந்த மருந்து. மாட்டுக்குத் தேவையானதை ஒரே ஊசியில் அடைக்க வேண்டும் என்று காய்ச்சிக் கெட்டியாக்கிய சரக்கு. எருமைக்கு முன்னால்தான் அது துளி. உள்ளங்கை ஆமைக்கு அது வருடக்கணக்கான சாப்பாடு, ஒரே நாளில் தோலுக்கடியில். அளவு மீறினால் தோல் கழன்றுவிடும் என்பது மருத்துவத்தில் தெரிந்த விஷயம்தான். புதிய நோய் என்று தேடியதால் அது என் கண்ணில் படவில்லை. தண்ணீரைச் சோதித்தேன், கல்லைச் சோதித்தேன், அஞ்சலையின் கூடையைச் சோதித்தேன். என் கையைச் சோதிக்கத் தோன்றவில்லை. ஒரு மருந்து நமக்குப் பேர் வாங்கிக் கொடுத்துவிட்டால் அதன்மேல் சந்தேகப்படுவது சிரமம். இதை மட்டும் எங்காவது குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.

உங்களிடம் மறைக்கப் போவதில்லை. ஊசி மட்டும் போட்ட ஏழாவது அட்டையையும், டீச்சரின் நோட்டு சாட்சி சொல்லும் பன்னிரண்டாவதையும் எடுத்துவிட்டால் மிச்சமெல்லாம் கண் நோயின் இரண்டாம் கட்டம் என்று சொல்லி ஆய்வைக் காப்பாற்றலாம். ஒரு மணி நேரம் அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். ஏழாவது அட்டையைக் கையில் எடுத்து இழுப்பறைக்குள் வைத்தும் பார்த்தேன். டப்பில் யோனத்தான் தண்ணீர் பட்டால் எரியுமென்று தலையைத் தூக்கியபடியே நின்றுகொண்டிருந்தான். அட்டையைத் திரும்ப எடுத்து மேஜையில் வைத்தேன்.

மறுநாள் காலை டீச்சரிடம் சொன்னேன். நிறைய தடுமாறிச் சொன்னேன். டீச்சர் யோனத்தானைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். திட்டினால் தேவலை என்று இருந்தது.

"மத்தவங்களுக்குச் சொல்லிட்டீங்களா?" என்று கேட்டார்.

"இன்னும் இல்லை. இனிமே யாருக்கும் போடமாட்டேன்."

"அது சரி. போட்டவங்களுக்கு?" என்றார். "ஒரு பையன் பேப்பர்ல கூட்டல் தப்பா போட்டிருக்கேன்னு தெரிஞ்சா, அந்தப் பையனுக்கு மட்டும் மார்க்கைத் திருத்திட்டுப் போகமுடியாது டாக்டர். கட்டு முழுக்கப் பிரிச்சு மறுபடி கூட்டணும். எங்க ஸ்கூல்ல அதான் முறை."

கட்டைப் பிரித்தேன். யோனத்தான் போக உயிரோடு இருந்த எட்டு ஆமைகளின் வீடுகள், செத்த மூன்றின் வீடுகள், எல்லாவற்றுக்கும் ஸ்கூட்டரில் போனேன். ஒரு வீட்டில் கதவை முகத்தில் அடித்தார்கள். அதை நான் மனதார ஏற்றுக்கொண்டேன். பெருங்களத்தூரில், ஏழாவது மாடியில் நடந்ததுதான் எனக்கு இன்றுவரை ஜீரணமாகவில்லை. அந்த வீட்டு இளைஞர் மென்பொருள் கம்பெனிக்காரர். நான் சொன்னதை வாசலிலேயே கேட்டுவிட்டு, குரலைத் தாழ்த்தினார்.

"சார், ப்ளீஸ், உள்ள வந்து இதைச் சொல்லிடாதீங்க. ஆமை தோலை உரிச்சா வீட்டுத் திருஷ்டி கழியுதுன்னு வாஸ்துக்காரர் சொல்லியிருக்கார். போன வாரம்தான் எனக்கு ஃபாரின்ல ஆன்சைட் கன்ஃபர்ம் ஆச்சு. எங்க அம்மா ஊர் முழுக்க போன் பண்ணிட்டாங்க."

"தம்பி, அது என் தப்பால வந்த புண்ணு. வலிக்கும் அதுக்கு."

"உங்க தப்பா இருந்தாலும் நல்லதுதானே சார் நடந்திருக்கு?"

அப்போது எதிர்வீட்டுக் கதவு திறந்தது. ஒரு அம்மா கையில் பிளாஸ்டிக் தொட்டியோடு நின்றார். உள்ளே ஆரோக்கியமான, கண் பளபளக்கும் ஆமை. "டாக்டர் வந்திருக்கார்னு சொன்னாங்க. எங்க வீட்டுக்காரருக்கு ரெண்டு வருஷமா ப்ரமோஷன் வரலை சார். இவனுக்கும் அந்த ஊசியைப் போட்டுடுங்களேன்" என்றார்.

நோயை விட வேகமாகப் பரவியது அந்த ஊசியின் பெருமைதான். போடமாட்டேன் என்றதற்கு, "அவங்களுக்கு மட்டும் போட்டீங்க" என்று மனத்தாங்கலோடு கதவைச் சாத்திக்கொண்டார். நான் உள்ளே போய், வீட்டாரிடம் உண்மையைச் சொல்லி, அவர்கள் நம்பாத முகத்தைப் பார்த்துக்கொண்டே ஆமையின் புண்ணுக்கு மருந்து போட்டுவிட்டு வந்தேன்.

சந்தைக்குப் போனபோது அஞ்சலை கூடையைக் கழுவிக்கொண்டிருந்தார். கூனியில் தப்பில்லை, நான்தான் தப்பாகச் சொல்லிவிட்டேன் என்றேன்.

"இத்த எதுக்கு சார் எங்கிட்ட வந்து சொல்லிகினு கீற?" என்றார் நிமிராமலே. "எங்கூனில வெசம் இல்லன்னு எனக்குத் தெரியாதா? யாரார்கிட்ட இன்னா சொன்னியோ, அவங்க வூட்டாண்ட போய்ச் சொல்லு."

நியாயமான பேச்சு. அதே வீடுகளுக்கு மறுபடியும் ஒரு சுற்று போனேன். கூனியில் நஞ்சு இல்லை, ஆனால் கூனியை மட்டுமே போட்டால்தான் கண் வீங்குகிறது, கீரையும் ஈரலும் சேர்த்துக் கொடுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன். முதல் நாளே இதைச் சொல்லியிருந்தால் எந்த ஊசியும் வேண்டியிருக்காது.

மாநாட்டுக்கு இரண்டு நாள் முன்னால் பேராசிரியரிடம் விஷயத்தைச் சொன்னேன். "தலைப்பு அச்சாயிடுச்சேய்யா" என்றார். போய் உண்மையையே படித்தேன். இது ஒரு நோய் அல்ல, காரணம் மருத்துவர், அந்த மருத்துவர் நான் என்று தெளிவாகச் சொன்னேன். சாப்பாட்டுக்கு முந்தைய அமர்வு. தலைமை தாங்கியவர் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கைதட்டினார்கள். ஒரே ஒருவர் கேள்வி கேட்டார்: "எப்படியோ, கண்ணு திறந்துச்சுல்ல? என்ன குப்பி அது?" பிறகு சால்வை போர்த்தி, முன்கூட்டியே அச்சடித்த சான்றிதழைக் கையில் கொடுத்தார்கள். நீங்கள் சுவரில் பார்த்தது அதுதான்.

இதையெல்லாம் சிரித்துக்கொண்டு சொல்லிவிடலாம். யோனத்தான் விஷயத்தைச் சிரித்துச் சொல்ல முடியவில்லை. மூன்று வாரம் டப்பில் இருந்தான். தினமும் புண்ணைச் சுத்தம் செய்து, தீக்காயக் களிம்பு தடவினேன். டீச்சர் பள்ளி விட்டதும் நேராக வருவார், எடை போட்டு நோட்டில் எழுதுவார். இடது காலில் புதுத் தோல் பொடிப் பொடியாக வந்தது. ஒருநாள் கழுத்தை முழுக்க நீட்டிச் சுற்றிப் பார்த்தான். அன்று நாங்கள் இருவரும் டீ வாங்கிக் குடித்தோம். அதற்கு நான்காம் நாள், ஒரு புதன்கிழமை காலை, நான் கிளினிக்கைத் திறந்தபோது தலை வெளியே தொங்கியிருந்தது.

சாயங்காலம் டீச்சர் வந்தார். நான் சொல்வதற்கு முன்பே தெரிந்துகொண்டார். ஸ்டூலில் உட்கார்ந்து, நோட்டைத் திறந்து, கோடு போட்டு, என் பக்கம் நகர்த்தினார்.

"கடைசி வரியை நீங்க எழுதுங்க டாக்டர். நான் எழுதினா, யாரோ சொல்லக் கேட்டு எழுதினதா ஆயிடும்."

இறந்தது, அளவு மீறிய வைட்டமின் ஏ ஊசியால், போட்டது நான் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். என் வாழ்க்கையில் நான் எழுதிய ஒரே சரியான ஆராய்ச்சி அந்த ஒரு வரிதான். அவர் வாங்கிப் பார்த்தார்.

"தேதி போடலை" என்றார். போட்டேன்.

இனி இந்தப் படி ஏறமாட்டார் என்று நினைத்தேன். அவர் எழுந்துகொள்ளவில்லை. பையிலிருந்து இன்னொரு டப்பாவை எடுத்து மேஜையில் வைத்தார். உள்ளே தாவீது. வலது கண் இமை லேசாக வீங்கியிருந்தது.

"டீச்சர், வேற டாக்டர்கிட்ட வேணும்னா நான் எழுதித் தரேன்" என்றேன்.

"ஊசி வேண்டாம்" என்றார். "மத்தபடி பாருங்க."

பக்கத்துக் கோழிக் கடைக்குப் போய்க் கொஞ்சம் ஈரல் வாங்கி வந்தேன். நூல் நூலாக நறுக்கி, அரை விரல் தண்ணீரில் தாவீதை விட்டு, வாயருகே நீட்டினேன். நெடுநேரம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. டீச்சரும் அவசரப்படவில்லை. கடைசியில் வெடுக்கென்று ஈரலோடு சேர்த்து என் விரலையும் கடித்தான். ஆமை கடித்தால் லேசில் விடாது என்பது உங்களுக்கும் ஒருநாள் தெரியவரும். நான் கையை இழுக்கவில்லை. டீச்சர் தாவீதின் பக்கத்தைத் திருப்பி, சாப்பிட்டது என்ற கட்டத்தில், ஈரல், டாக்டர் கையால் என்று எழுதினார்.